லாட்ஜில் வைத்த எழுதாத நோட்

தென்காசியில் கேபிள் இழுக்கும் வேலையை விட்டுவிட்டுக் குற்றாலம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். சண்டை ஒன்றுமில்லை, ஒரே இடத்தில் எனக்குக் கால் தரிக்காது. சாரலில் சட்டை நனைந்துவிட்டது, பசியும் இருந்தது.

லாட்ஜ் அக்கா போனில் கூப்பிட்டார். போன சீசனில் அவருடைய குற்றாலம் லாட்ஜுக்கு வைஃபை போட்டுக் கொடுத்தவன் நான்.

“ஏலே, எங்கன கெடக்க? ஒடனே வா.”

அக்கா ஒரு பிளாக்செயினில் சேர்ந்திருந்தார். பல ஊர்க் கணினிகள் ஒரே கணக்கை ஒத்துப் பார்த்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. அந்தக் கணினிகளுக்கு நோட் என்று பெயர். சில நோட்கள் புதுக் கணக்கைத் தொகுத்து பிளாக் எழுதும். மற்றவை எழுதாது, வந்ததைச் சரிபார்த்து, பிரதி வைத்துக்கொண்டு, அடுத்ததற்கு அனுப்பும். அக்காவின் தென்காசி வீட்டில் இருந்தது எழுதுகிற நோட். அதற்குக் காவலாக, வேறொரு இடத்தில் எழுதாத நோட் ஒன்று அன்று மாலைக்குள் ஓட வேண்டும். இல்லையென்றால் எழுதுபவர் வரிசையிலிருந்து அவரை எடுத்துவிடுவார்கள். முட்டி மோதி வாங்கிய இடம் அது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். கொச்சியில் ஒரு சர்வர் அறையின் தரையில் படுத்து எழுந்த நாட்களில் இந்த வேலையைப் பழகினேன். லாட்ஜ் வரவேற்பறையில் கணினியை வைத்து, பழைய பிளாக்குகளின் தொகுப்பை இறக்கி, விரிக்க விட்டேன்.

“எஞ் சாவியையும் இதுல போட்டுரு. ரெண்டுமா எழுதட்டும்” என்றார் அக்கா. பிளாக்கில் கையெழுத்துப் போடுகிற ரகசிய எண்ணைத்தான் சாவி என்றார்.

“ஒரே சாவியில ரெண்டு மிஷின் கையெழுத்துப் போட்டா வெளிய தள்ளிருவாங்கக்கா. இது கேட்டதச் சொல்லுத ஆளா மட்டும் இருக்கட்டும்.”

“அப்ப ஒன்னவிடத் தேவல. நீ சொன்னதக் கேக்கவும் மாட்ட.”

அடுக்களையில் சோறு தின்றுவிட்டு வந்து பார்த்தால் திரை இருண்டிருந்தது. கணினியின் மேல் ஒரு ஈரத் துண்டு. சீசனில் குற்றாலத்தில் எது சூடாக இருந்தாலும் அதன்மேல் துண்டு காயும். காற்றுத் துளைகள் அடைபட்டு, சூடேறி நின்றுவிட்டது.

“எந்த மூதேவி இங்கன போட்டது?” மாடிவரை கேட்கும்படி கத்தினார் அக்கா.

லாட்ஜில் தங்கியிருந்த ஒரு பெரியவர் அருவியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார். “அது காலைல ஒங்க தலையில இருந்ததுல்லாம்மா?”

அக்கா துண்டை உருவிக்கொண்டார். “கதகதன்னு இருந்துச்சுலே. சட்டுனு காஞ்சிரும்னு போட்டேன்” என்றார் என்னிடம், மெதுவாக.

திடீரென்று நின்றதில் விரித்த கணக்கு கெட்டிருந்தது. நல்லவேளை, இறக்கிய தொகுப்பை அழிக்கவில்லை. அதிலிருந்து மறுபடி விரிக்க விட்டு, மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஈரத்தோடு வந்தவர்களையெல்லாம் பின்வாசலுக்கு விரட்டினார். இருட்டுவதற்குள் எங்கள் நோட் கடைசி பிளாக்கை எட்டிப் பிடித்தது. தென்காசி நோட் அதோடு கைகோத்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவின் போனுக்குத் தகவல் வந்தது.

“ஏத்துக்கிட்டாங்கலே!” என்று எனக்கு இன்னொரு தட்டுச் சோறு போடச் சொன்னார். வயிறு நிறைந்திருந்தும் தின்றேன்.

மறுநாள் காலையில் பையை எடுத்தபோது, “இது நின்னுச்சுன்னா நான் யாரத் தேட?” என்றார். சீசன் முடியும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு அறை காட்டி, நோட்டையும் பார்த்துக்கொள்ளும் வேலை. சரி என்றேன்.