ரப்பர் மரம் சொன்ன தீர்ப்பு

தொலைக்காட்சியில் ரக்பி ஆட்டம் ஓடுகிறது. இதில் பந்தைக் கையால் முன்பக்கம் எறிவது தப்பு. "ஓடுற வேகத்துல பின்னால எறிஞ்சாலும் பந்து முன்னால போகும் தாத்தா. கை எந்தப் பக்கம் வீசுச்சுன்னுதான் பாக்கணும்," என்கிறாள் பேத்தி.

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிளார்க்காக இருந்த என் அப்பாவுக்கு இது தெரியாது. சுதந்திரம் வந்தும் ஊர் திரும்பாத வெள்ளைக்காரத் துரைமார் தோட்டத்து ஆட்களுக்கு எதிராக ரக்பி ஆடியபோது, எல்லைக்கோட்டில் கொடி பிடித்தவர் அவர்தான். மைதானத்தை ஒட்டி ரப்பர் மரங்கள் நூல் பிடித்ததுபோல் நிற்கும். பந்து எந்த மரத்துக்கு நேராகக் கிளம்பி எந்த மரத்துக்கு நேராகப் பிடிபட்டது என்பதே அவர் கணக்கு.

ஒரு ஆட்டத்தின் கடைசி நேரத்தில், தோட்டத்து அணியில் ஆடிய சித்தப்பா பாய்ந்தோடி எறிந்த பந்தைப் பிடித்தவன் கோட்டைத் தாண்டி விழுந்தான். ஜெயித்த ஆட்டம். அப்பா தப்பு என்று கொடியைத் தூக்கினார்.

"அண்ணே, நான் பின்னாலதான் எறிஞ்சேன்."

"ரெண்டு மரம் முன்னால போச்சுலே. மரம் கள்ளம் சொல்லுமா?"

அண்ணன் துரைக்கு வால்பிடித்துவிட்டான் என்று தோட்டமே பேசியது. மறுநாள் துரையே சிரித்துக்கொண்டு, அந்த எறி சரிதான் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அடுக்களையில் அப்பா அதைச் சொன்னபோது நானும் இருந்தேன்.

"கொழுந்தன்கிட்ட சொல்லிருங்க," என்றாள் அம்மா.

"தம்பி முன்னால போய்த் தலைகுனியச் சொல்லுதியா?"

அந்த மாதமே சித்தப்பா வீட்டைவிட்டுப் போனார். தூரமில்லை, களியக்காவிளைதான். அப்பாவின் சாவுக்கும் அவர் வரவில்லை.

"மறுபடி காட்டறான், பாருங்க தாத்தா."

நான் பார்க்க வேண்டியதில்லை. சித்தப்பாவின் கை பின்னால் வீசியதை அன்றைக்கே கோட்டோரம் நின்று பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.