மேல்மாடியிலிருந்து வந்த மன்னிப்பு

என்னிடம் யாராவது மன்னிப்புக் கேட்டு வந்தால் எனக்குக் கை கால் ஓடாது. பழக்கமில்லை. எங்கள் வீட்டில் அது ஒருவழிப் பாதை, நான்தான் போய்வருவேன்.

அதனால் போன புரட்டாசியில் ஒரு மாலை, செகந்திராபாத் அல்வாலில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடி மேடம் எங்கள் வாசலில் நின்று, "சார், உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும். உள்ள வரலாமா?" என்றபோது, அவர் வீட்டுத் தண்ணீர் வழிந்து எங்கள் பால்கனி நனைந்த விவகாரம் என்றே நினைத்தேன். பெருந்தன்மையாகச் சிரிக்கத் தயாரானேன்.

மேடம் யூதர். கொங்கணக் கரையில் எத்தனையோ தலைமுறைகளாக வாழும், மராட்டி பேசும் குடும்பம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, மாற்றலாகி வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். என் பிள்ளைகளைவிட நல்ல தமிழ் பேசுவார். என் பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்பவர்கள் என்பதால் போட்டி அப்படியொன்றும் கடினமில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் எங்க உபவாசம் ஆரம்பிக்குது. கதவைச் சாத்தினா மறுநாள் நட்சத்திரம் தெரியற வரைக்கும் திறக்க மாட்டோம். கதவடைக்கிற பண்டிகைன்னுதான் எங்க பக்கம் பேரு" என்றார். "கடவுள்கிட்ட பண்ணின தப்பைக் கடவுள் மன்னிப்பார். மனுஷங்ககிட்ட பண்ணினதுக்கு அந்த மனுஷங்க வாசலுக்குத்தான் போகணும். அதான் வந்தேன்."

"என்கிட்ட என்ன தப்பு பண்ணீங்க?"

"மூணு மாசமா உங்களைக் கோழைன்னு நினைச்சிட்டிருக்கேன். ஆனா லிஃப்ட்ல பார்த்தா 'நல்லா இருக்கீங்களா'ன்னு சிரிக்கறேன். உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணு. மன்னிச்சிடுங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. என் மனைவி இதையெல்லாம் தவறவிட மாட்டாள்.

மூன்று மாதம் முன்பு எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் சங்கத் தலைவர் ஒரு செய்தியைத் தட்டிவிட்டிருந்தார். உலகத்து வங்கி, மருந்து, யுத்தம் எல்லாம் நான்கு யூதக் குடும்பங்களின் கையிலாம். நோயைப் பரப்பியதும் அவர்களாம். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். இந்தப் பொய் எங்கே கிளம்பி, எத்தனை ஊர்களைக் கொளுத்திவிட்டு வந்தது என்பதைப் பற்றி என் அலமாரியில் ஒன்றரை அடி நீளத்துக்குப் புத்தகம் இருக்கிறது. அத்தனையும் படித்த நான் செய்தது, ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டது. கேலியாகத்தான் போட்டேன். ஒரு மஞ்சள் உருண்டைக்குள் அவ்வளவு நுட்பத்தையும் ஏற்றிவிட்டதாக நம்பினேன். பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவனுக்கு வரும் வியாதி இது.

"நீங்க படிச்சவர், ஏதாவது எழுதுவீங்கன்னு மறுநாள் வரைக்கும் ஃபோனைப் பார்த்துட்டே இருந்தேன்" என்றார் மேடம். "அந்த மெசேஜைப் பார்த்துட்டு, தனியா அங்க இருக்காதே, புனேக்கு வந்துடுங்கறான் என் பையன். உபவாசம் முடிஞ்சு சொல்றேன்னிருக்கேன். குத்திக் காட்டறேன்னு நினைக்காதீங்க சார். நிஜமாவே மன்னிப்புத்தான் கேக்கறேன்."

அதுதான் சங்கடம். அவர் நிஜமாகவே கேட்டார். "மன்னிச்சுட்டேன்" என்றேன். அதைவிட அபத்தமான வார்த்தையை என் வாயால் நான் சொன்னதில்லை.

அவர் போனதும் மனைவி எட்டிப் பார்த்தாள். "நல்லா மன்னிச்சீங்க" என்றாள்.

மறுநாள் முழுக்க எழுதினேன். முதலில் ஐரோப்பிய வரலாறு, ஏழு பத்தி. பிறகு கேலியாக ஒன்று. மனைவி இரண்டையும் படித்துவிட்டு, "கிளாஸ் எடுக்காதீங்க. சிரிச்சது தப்புன்னு போடுங்க, போதும்" என்றாள். கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "யூதர்களைப் பற்றி நம் குழுவில் வந்த செய்தி பொய். இதை நம்பியவர்கள் மனிதர்களைக் கொன்றிருக்கிறார்கள். இது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் சிரித்துவிட்டு ஒதுங்கினேன். மன்னிக்க வேண்டும்." அனுப்பியபோது மேடம் கதவைச் சாத்தி, ஃபோனையும் அணைத்திருந்தார்.

காலையில் தலைவர் வந்தார். மூன்று தலைமுறையாக செகந்திராபாத்தில் இருக்கும் தமிழர். பேச்சில் ஹைதராபாத் இந்தி கலந்திருக்கும், குரல் அணிவகுப்பு மைதானத்துக்குரியது.

"க்யா யார், எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிட்டியே!"

"உங்க பேரே எழுதலையே சார்."

"அனுப்பினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்ல? ஹவ், ஆமா, அனுப்பினேன். அதுக்காக மூணாம் மாடி அம்மாவையா சொன்னேன்? அவங்க நம்ம ஆளுய்யா. லிஃப்ட் மெக்கானிக்கை மிரட்டி வேலை வாங்கறதே அவங்கதான்."

"அப்ப யாரைச் சொன்னீங்க?"

"மத்த யூதனுங்களை."

"அவங்கள்ல எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?"

கூட்டிக் கழித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "இந்தம்மா ஒருத்தங்கதான்" என்றார்.

புனே விஷயத்தைச் சொன்னேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "இப்பவே போய்ப் பேசறேன்."

"இன்னிக்குக் கதவு திறக்காது சார். வானத்துல மூணு நட்சத்திரம் தெரியணும்."

"ஹைதராபாத்ல எங்கய்யா நட்சத்திரம்?"

ஆனாலும் சாயங்காலம் மொட்டை மாடியில் அண்ணாந்து நின்றார். "ஒண்ணு!" என்று கத்தினார். அது விமானம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மேகம் விலகவே இல்லை. கடைசியில் கீழே கதவு திறக்கும் சத்தம்தான் கேட்டது. இறங்கி ஓடினோம்.

ஒரு நாள் பட்டினியின் களைப்போடு மேடம் டீ டம்ளருடன் நின்றிருந்தார். தலைவர் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். "மேடம், அந்த மெசேஜ்... படிக்காம அனுப்பிட்டேன்."

"படிக்காமயா, படிச்சிட்டா?"

அணிவகுப்புக் குரல் காணாமல் போயிருந்தது. "படிச்சேன். நம்பினேன். தப்பு."

"அப்ப சரி. மன்னிச்சாச்சு. இதை அங்கேயும் சொல்லணும்."

தலைவருக்கு டைப் அடிக்க வராது. வாசலில் நின்றபடியே குரல் பதிவு போட்டார். நான்கு நிமிஷம். முதல் ஒரு நிமிஷம் மன்னிப்பு, கலப்படமில்லாதது. "இனிமே எந்த ஜாதி, எந்த மதத்தைப் பத்தி இப்படி வந்தாலும் யாரும் அனுப்பக் கூடாது, நான் உள்பட" என்றார். மீதி மூன்று நிமிஷம் போர்வெல் மோட்டார் பற்றியது. வந்த கட்டைவிரல்கள் எதற்கு என்று நான் ஆராயவில்லை.

அப்போது புனேயிலிருந்து மேடத்தின் மகன் கூப்பிட்டார். மேடம் மராட்டியில் சற்று நேரம் பேசிவிட்டு ஃபோனை வைத்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த வருஷம் போகல. அடுத்த வருஷம் உங்க நடத்தையைப் பார்த்துச் சொல்றேன்னிருக்கேன். உள்ள வாங்க, டீ ஆறுது."