மாடு விட்டுவைத்த பூக்கள்

ஜப்பானியர் துணியில் பூப்போடும் ஒரு முறை எளிமையானது. பூவின் வடிவத்தை அட்டையில் வெட்டித் துணிமேல் வைத்து, அந்த ஓட்டை வழியாக அரிசி மாவுப் பசையைத் தடவ வேண்டும். பசை காய்ந்ததும் சாயம் பூசிப் பிறகு அலசினால், பசை இருந்த இடம் வெள்ளைப் பூவாக நிற்கும். இதையெல்லாம் நன்றாகப் படித்திருந்தேன். படித்ததை நீ செய்து பார்க்காதே என்று மட்டும் எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

மாதா கோவில் திருவிழாவுக்குக் கட்டிக்கொள்ள, மனைவியின் வெள்ளைப் பருத்திப் புடவையில் பூப்போட்டுத் தருவதாகச் சொன்னேன். அவள் அதைப் பாடற்குழுப் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள்.

ஓசூர்த் தொழிற்சாலையில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அங்கே கழித்துப்போட்ட, அட்டை போன்ற கேஸ்கட் ஷீட் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பூ வெட்டினேன். பசைக்கு அரிசி மாவு, தவிடு, கொஞ்சம் உப்பு. எல்லாம் புத்தகப்படி. வீட்டுக்குப் பின்னால் புடவையை விறைப்பாக இழுத்துக் கட்டிப் பசை தடவினேன். காயட்டும் என்று காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரம்மாவின் பசு பாதிப் புடவையை நக்கி முடித்திருந்தது.

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி வீட்டுக்காரம்மா ஓடிவந்தார். "தவிடு, உப்பு, அரிசி மாவு. தெனமும் நானும் இதத்தானே சார் அதுக்குக் கரைச்சு வெக்கறேன்? நீங்க பொடவைல பரிமாறுனா அது சும்மா இருக்குமா?"

மனைவி வந்து பார்த்தாள். "ஞாயித்துக்கெழமை எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் கோயிலுக்குப் போறது?"

"கடையில ஒண்ணு வாங்கிடலாமே."

"கடைப் பொடவைன்னு பாத்த ஒடனே கண்டுபிடிச்சுடுவாளுங்க. சாயத்தப் பூசுங்க. மாடாவது எனக்குப் பாதி மிச்சம் வெச்சிருக்குது."

நீலம் பூசி, காயவைத்து, அலசினேன். பாதி பூ, பாதி வெறும் நீலம். அவள் பூவெல்லாம் முந்தானையில் விழும்படியும், வெறும் நீலம் கொசுவத்துக்குள் போகும்படியும் கட்டிக்கொண்டாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பாடற்குழுத் தலைவி குனிந்து கொசுவத்தை விரித்துப் பார்த்தார். "ஏன்க்கா, உள்ள மட்டும் பூவே காணோம்?"

மனைவிக்குக் கண்கூட இமைக்கவில்லை. "ஜப்பான்ல பாதிக்கு மேல பூப்போட மாட்டாங்க. அதான் அவங்க மொறை. வேணும்னா இவரக் கேளுங்க, எல்லாம் படிச்சிருக்காரு."

"ஆமாங்க," என்றேன், குகை போல் கட்டிய கெபியில் நின்ற மாதாவைப் பார்க்காமல்.

மனைவி பெரிய மனது பண்ணி, முந்தானையைத் தொட்டுப் பார்க்கத் தலைவியிடம் நீட்டினாள்.