கம்பத்தின் மேல் ஆள்

எங்கள் தெருவில் அவளை முக்காட்டக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முக்காடு அவள் தலைக்கு அல்ல. அவள் துடைக்கும் கேமராக்களுக்கு.

நகரத்தின் நடுப்பகுதிக்குள் வண்டியோடு நுழைகிறவர்கள் கட்டணம் கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, நுழையும் சாலை ஒவ்வொன்றிலும் கம்பம் நட்டு, நம்பர் பிளேட்டைப் படிக்கும் கேமராவை மாட்டினார்கள். புகையைக் குறைக்க வந்த கேமராவின் கண்ணிலேயே புகை அப்பிக்கொள்ளும். துடைக்கும்போது அது தப்பும் தவறுமாகப் படித்து, வராத வண்டிக்குக் கட்டணம் போட்டுவிடும். அதனால் முதலில் அதன் மேல் கறுப்பு உறை ஒன்றை மாட்டுவாள். அந்த உறைக்கு முக்காடு என்று பெயர் வைத்தவர்கள் ஓட்டுநர்கள். முக்காடு விழுந்தால் இலவசம். ஓரத்தில் காத்துக்கிடக்கும் வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே பாயும். உடைந்த விளக்குக்காக நடுரோட்டில் சட்டையைப் பிடித்து உருளுவார்கள். மேலே இருந்து அவள் அதையும் பார்த்துக்கொண்டே துடைப்பாள்.

அடிதடி அவளுக்குப் புதிதல்ல. லாரி ஓட்டிய அப்பா, வழி விடாத தகராறில் ஜாக்கிக் கம்பியால் மண்டை உடைந்து ரோட்டிலேயே செத்தார். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லித் தம்பியைச் சீண்டியவனின் முன்பல்லை அவள் டிபன் டப்பாவால் உடைத்தாள். மன்னிப்புக் கேட்கச் சொன்ன ஆசிரியரிடம், மறுபடி சொன்னால் மீதிப் பல்லும் போகும் என்றாளாம். அதற்குப் பிறகு தம்பியை யாரும் தொடவில்லை.

பெட்ரோல் பங்கில் வண்டி கழுவிச் சேர்த்ததில் அவனுக்கு ஒரு பழைய வேன் வாங்கித் தந்தவளும் அவள்தான். அவன் அதில் சோபா ஏற்றி வீடுகளுக்குக் கொண்டுபோனான். நாளடைவில் சோபா என்பதே அவன் பெயராகிவிட்டது.

வேன் பழசு, புகை அதிகம். ஆகவே கட்டணமும் அதிகம். சோபாக் கடைகளோ எல்லைக்கு உள்ளே இருந்தன. எல்லைக்கு முந்தைய கடைசித் திருப்பம் எங்கள் தெரு. கட்டணத்துக்குப் பயந்த வண்டிகள் எல்லாம் இங்கே வந்துதான் திரும்பின. உள்ளே காற்று தெளிந்துவிட்டது என்று செய்தி வந்தது. எங்கள் கொடியில் காய்ந்த துணியில் கரி படிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சோபா ஆரம்பித்தான். "அங்க இருக்கறவன் நெஞ்சைக் கழுவ நீ கம்பம் ஏறு. இங்க உன்னைப் பெத்தவ இருமியே சாகட்டும்."

"மொதல்ல உன் வண்டிய வாய மூடச் சொல்லுடா," என்றாள் அவள்.

அவன் எழுந்து அவளுடைய ஹெல்மெட்டைத் தரையில் அறைந்து அறைந்து பிளந்தான். அவள் கரண்டியால் அவன் முழங்கையில் போட்டாள். அம்மா குறுக்கே விழுந்து, கையில் இருந்த தட்டால் இருவரையும் அடித்தாள். அன்றோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டே அக்காவும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

பேசிக்கொண்டிருந்த காலத்தில் தன் வேலையைப் பற்றி அவனிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். முக்காட்டைப் போட்டதும் கீழே இறங்கி, அவளை வேலைக்குக் கூட்டிவரும் கம்பெனி வேனின் டிரைவரண்ணனோடு ஒரு டீ குடித்துவிட்டு, தண்ணீர் வாளியோடு மறுபடி ஏறுவது அவள் வழக்கம். பேச்சு நின்ற பிறகு அந்த வழக்கம் மாறிவிட்டது. வாளி எடுக்க இறங்கியபோது ஒரு கார்க்காரன் கதவைத் திறந்து வந்து, கட்டணம் கட்டிய ஆத்திரத்தில், முகத்தில் குத்திவிட்டுப் போனான். கிழிந்த உதட்டைத் தைத்துக்கொண்டு வந்தவள், அதன் பின் தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பி இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டாள். வேலை முடியும்வரை இறங்குவதில்லை. இது சோபாவுக்குத் தெரியாது.

அன்று காலை அவள், ரோட்டு வேலைக்காரர்கள் எல்லோரும் போடும் ஆரஞ்சு கோட்டோடு, முக்காட்டைப் போட்டுவிட்டு மேலேயே இருந்தாள். 'கட்டணப் பகுதி ஆரம்பம்' என்று எழுதிய பெரிய பலகை அவளைக் கீழே இருப்பவர்களின் கண்ணில் படாமல் மறைத்தது. டீக்கடை வாசலில் நின்ற டிரைவரண்ணன் வாய் திறக்குமுன், ஹெல்மெட் போட்ட இருவர் பின்னால் வந்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். காது கிழிந்து தொங்க, உடைந்த கிளாஸின் மேலேயே அவர் விழுந்தார். ஒரு வேன் நடைபாதையில் பின்பக்கமாக ஏறி வந்தது. சங்கிலியைக் கம்பத்தில் சுற்றிக் கொக்கியை மாட்டினார்கள்.

கம்பம் அதிர்ந்ததும் அவள் குனிந்து பார்த்தாள். வேனின் கூரையில் நீலத் தார்ப்பாய். அதன் கிழிசலைத் தைத்தது அவள் கை.

டேய் என்று கத்தினாள். இஞ்சின் உறுமலில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

அடியில் ஆணிகள் பிடுங்கிக்கொள்ள, கம்பம் சாய்ந்தது. பலகை முதலில் தரையில் மோதியது. அதன் மேல் அவள் விழுந்தாள். உயிர் தங்கியது அதனால்தான். ஆனால் பெல்ட் கம்பத்தோடு பூட்டியிருந்தது. வேன் கம்பத்தை இழுத்துக்கொண்டு ஓட, அவளும் இழுபட்டாள். தொடையெலும்பு முறிந்து கால்சட்டையைக் கிழித்து வெளியே வந்தது. உள்ளங்கைத் தோல் தாரில் ஒட்டிக்கொண்டது. வேன் ஒரு கணம் நின்றது. யாரோ சங்கிலியைக் கழற்றி வீசினான். வேன் போய்விட்டது. முக்காடு கழலாத கேமரா அவள் பக்கத்தில் கிடந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்மாதான் முதலில் வந்தாள். எதுவும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடு என்று கெஞ்சினாள். டிரைவரண்ணன் பார்த்தது ஹெல்மெட்களை மட்டும்தான். கேமராவோ எதையும் பார்க்கவில்லை. அக்கா வாயைத் திறக்காவிட்டால் சோபா தப்பித்துவிடுவான்.

பிறகு சோபா வந்தான். கட்டில் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு விசும்பினான். பேச்சு நின்றபின் அவள் அவனிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"கண்ணாடில பார்த்தியாடா?"

"பார்த்தேன்க்கா."

"என்ன பார்த்த?"

"ஆரஞ்சு கோட்டு. கம்பத்தோட வந்துக்கிட்டு இருந்துச்சு."

"வண்டிய நிறுத்தினியே. அப்புறம் ஏன் போன?"

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். "நீன்னு தெரியாதுக்கா. நீ டீ குடிக்க இறங்கியிருப்பேன்னு நினைச்சேன். வேற யாரோன்னுதான் போயிட்டேன்."

இதைக் கேட்டால் அக்கா இளகிவிடுவாள் என்று அவன் நம்பியது முகத்திலேயே தெரிந்ததாம்.

"வேற யாரோன்னா போயிடலாமா?"

அவன் மறுபடி அம்மாவைப் பார்த்தான். அக்கா கட்டுப் போடாத கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவன் முகத்தில் ஓங்கி அடித்தாள். மூக்குத்தண்டு உடைந்து போர்வையெல்லாம் ரத்தம். ஓடி வந்த நர்ஸிடம், வெளியே உட்கார்ந்திருக்கும் இன்ஸ்பெக்டரைக் கூப்பிடச் சொன்னாள். வண்டி யாருடையது, தார்ப்பாய் என்ன நிறம், ஓட்டியவன் யார் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை நின்ற அம்மா, இன்ஸ்பெக்டர் எதிரிலேயே அவள் கன்னத்தில் அறைந்தாள்.

சோபா உள்ளே இருக்கிறான். கூட வந்த இருவரையும் அவனே காட்டிக் கொடுத்தான். அம்மா இப்போதும் மகளுக்குச் சமைக்கிறாள். தட்டை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுகிறாள்.

அக்காவின் ஒரு கால் குட்டையாகிவிட்டது. இருந்தும் மறுபடி ஏறுகிறாள். ஏறியதும் முக்காட்டைப் போட்டுவிட்டு, ஸ்பேனரால் கம்பத்தைத் தட்டுகிறாள். துடைக்கும்போதும் இடையிடையே தட்டுவாள். ஓட்டுநர்களுக்கு அதுவும் கிண்டல்தான்.

"என்ன முக்காட்டக்கா, கச்சேரி ஆரம்பிச்சாச்சா?"

"மேல ஆள் இருக்குடா. பார்த்துப் போ," என்பாள்.

வண்டிகள் அப்போதும் இடித்துக்கொண்டுதான் பாய்கின்றன. எங்கள் தெரு முனையில் புதிதாக நட்ட கம்பத்தில் அவள் ஏறும் நாட்களில் அந்தச் சத்தம் வீட்டுக்குக் கேட்கும். பாத்திரம் கழுவும் அம்மா குழாயை மூடிவிட்டு, இருமலை அடக்கிக்கொண்டு, அடுத்த தட்டல் கேட்கும்வரை அப்படியே நிற்பாள்.