மூன்று மாதம் வரை சொல்லக் கூடாத சேதி

தாலிச் சங்கிலியைச் சரிசெய்தபோது தொண்டைக்குழிக்கு மேலே ஒரு கட்டி விரலில் தட்டுப்பட்டது. தைராய்டு புற்றுநோய். சுரப்பியை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருக்கும் செல்களை அழிக்க ரேடியோ அயோடின் (கதிர்வீச்சை வெளியிடும் அயோடின்) தர வேண்டும் என்றார் டாக்டர். சிதம்பரம் பக்கத்தில் அதே சிகிச்சை தரும் வார்டில் ஆறு வருடமாக நர்ஸ் நான். சிரிப்புத்தான் வந்தது.

அதற்குமுன் நான்கு வாரம், எடுத்த சுரப்பிக்குப் பதிலாகத் தந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தினார்கள். அந்த அசதியைச் சொல்லி மாளாது. முதுநகரில் எங்கள் வீட்டு மாடிக்கு எட்டே படி, நடுவில் உட்கார்ந்துவிடுவேன். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்திக்கொண்டேன். உங்களுக்கும் இப்படி நிறுத்தச் சொன்னால், சோம்பேறி என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

மருந்தை விழுங்கியதும் எங்கள் வார்டிலேயே தனியறை. கட்டிலிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, கதவருகே தரையில் மஞ்சள் கோடு. அதைத் தாண்டாதீர்கள் என்று எத்தனை நோயாளிகளை அதட்டியிருப்பேன்! இப்போது கதிர்வீச்சு வரும் என் உடம்பைக் கண்டு மற்றவர்கள் விலகி நின்றார்கள்.

இரண்டாம் நாள் சாப்பாடு கொண்டுவந்தது என்னோடு வேலை பார்க்கும் செல்வி, புவனகிரிப் பெண். தட்டை ஸ்டூலில் வைத்தவள், சாம்பார் வாசனைக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். எனக்கு விளங்கிவிட்டது. அறையிலிருந்த போனில் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அம்பது நாளாவுதுக்கா. ரெண்டு வாட்டி முந்தியே சொல்லித்தான் தங்கலன்னு மாமியார் சொல்றாங்க. மூணு மாசம் ஆவட்டும். ஒருத்தருக்கும் சொல்லாதீங்க.”

கர்ப்பம் தெரிந்த உடனே சொல்லிவிட வேண்டும், அயோடின் வார்டிலிருந்து மாற்றிவிடுவார்கள். அது அவளுக்கும் தெரியும். நீயே சொல்லிவிடு என்று கெஞ்சினேன். அழுதாளே தவிர, சம்மதிக்கவில்லை. மறுநாளும் அவளே தட்டோடு வந்து நின்றாள். எனக்கு வந்த கோபத்தில், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

அன்றே அவளைப் புறநோயாளிகள் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் குத்தியிருந்த பேட்ஜை (உடம்பில் படும் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் அட்டை) அனுப்பிப் பார்த்ததில் அளவு மிகக் குறைவு, பயமில்லை என்றார் அலுவலர். ஆனால் செல்வி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். இதுவும் தங்காமல் போனால் என் வாய்தான் காரணம் என்பார்கள். பயமாகவே இருந்தது. என் ஸ்கேனைவிட அவள் ஸ்கேனுக்குத்தான் நாள் எண்ணினேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. என்னை நேரில் கூப்பிடவில்லை. இன்னொரு நர்ஸிடம் சொல்லி அனுப்பியிருந்தாள். என் உடம்பிலிருந்து அயோடின் போய் மாதக்கணக்காகிவிட்டது. இருந்தாலும் கூடத்தில் இரண்டு மீட்டர் தள்ளியே நின்றேன். கால் தானாக அந்த மஞ்சள் கோட்டு அளவில் நின்றுவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த செல்வி என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

“ஏங்க்கா எட்டவே நிக்கிறீங்க? கிட்ட வாங்க. மொத வளையல் நீங்கதான் போடணும்னு மாமியார நிறுத்தி வச்சிருக்கேன்.”