ரேடியேட்டர் குடித்த தண்ணீர்

குனோங் ராபாட் பட்டறையில், என் அப்பா விட்டுப்போன பழைய மோரிஸ் காரின் தண்ணீர் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தான் மெக்கானிக் மணியம். பம்ப் தேய்ந்து ஒழுகியதில் வழியிலேயே எஞ்சின் கொதித்துவிட்டது. துருவும் சுடுநீரும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது.

அதே வாடை. அப்போது நான் சின்னப் பெண். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் அப்பா கணக்கெழுதும் கிராணி. ஒரு மத்தியானம், தொழிலாளர் லயத்து வீடுகளுக்கு முன்னால் இதே கார் கொதித்து நின்றது. பின்சீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் நாக்கு வறண்டது. பால்மரம் வெட்டும் அக்கா ஒருத்தி, புளி போட்டுத் தேய்த்த செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“பாப்பாவுக்குக் குடுங்கய்யா. காருக்கு வாளியில எடுத்தாரேன்.”

லயத்து வீட்டுத் தண்ணீர் எங்கள் வாயில் படக்கூடாது என்பது சாதி பார்த்த அப்பாவின் சட்டம். செம்பை வாங்கி, அவள் கண்ணெதிரே ரேடியேட்டரில் ஊற்றினார்.

“வாளி வேண்டாம், இது காணும்.”

அம்மா மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். காலிச் செம்போடு அந்த அக்கா என்னைத்தான் பார்த்தாள். நான் எச்சிலை விழுங்கினேன்.

மணியம் புது பம்பை மாட்டி முடித்து, ஒரு கையில் வாளியும் மறுகையில் கோப்பையுமாக வந்தான்.

“வாளி காருக்கு. இது உங்களுக்குக்கா, குடிங்க. வெயில் சுடுதுலா.”

நான் கை நீட்டவில்லை. “உங்க குடும்பம் எந்த எஸ்டேட், தம்பி?” என்று வாய் முந்திக்கொண்டது.

அவன் சிரிப்பு நின்றது. கோப்பைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினான்.