ஒற்றை ஸ்பீக்கர்

மச்சான் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோவை அந்த மனிதர் கொன்றுவிட்டார் என்றுதான் முதலில் நம்பினேன்.

தம்பானூர் லாட்ஜில் எனக்கு அடுத்த அறை மலையாளி. பேஸ் கிட்டார் வாசிப்பவர், மெலிந்த ஆள். பேசும்போதும் இரண்டு விரல்கள் தொடையில் மீட்டிக்கொண்டே இருக்கும். நானும் அதே வாத்தியம்தான் என்பதால், மேடையிலேயே பதிவான பழைய ராக் கச்சேரி கேசட்டை அவருக்குப் பெருமையாகப் போட்டேன். திடீரென்று இடது ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினார். பாதிச் சத்தம் செத்தது. மாரடைப்புக்கு வசதியாக நான் கட்டிலில் சாய்ந்துகொண்டேன்.

"சாரே, சாயங்காலம் செட்டைத் திருப்பிக் கொடுக்கணும். மச்சான் என்னைக் கொன்னுருவார்."

"பேடிக்க வேண்டாம் அண்ணாச்சி. இந்தக் கேசட்ல அலறுற கிட்டார் அந்தப் பக்கம். நம்ம பேஸ் இந்தப் பக்கம். இனி கேளுங்க."

வயரை அறுக்கவில்லை, கழற்றி மட்டும்தான் வைத்திருந்தார். மிஞ்சிய ஸ்பீக்கரில், இந்தக் கேசட்டைக் கேட்டு இரண்டு வருஷமாக நான் தப்பாக வாசித்துவந்த நாலு சுரங்கள் சரியாகக் கேட்டன.